மாப்பிள்ளை காரில் வெள்ளைப் புள்ளி

எங்கள் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லியில் பஷீருதீன் பண்டாரி என்றால் தெரியாத கல்யாண மண்டபம் கிடையாது. கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்குகிறவரைத்தான் எங்கள் ஆட்கள் பண்டாரி என்பார்கள். ஆயிரம் பேருக்கு விறகடுப்பு மூட்டி, தம் போட்டு, ஒரு பருக்கை குழையாமல் இறக்குவார். அரிசி மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு மொபெட்டில் ஆவடி வரை போய்வருவார். ஆனால் காரில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்வதும், கொஞ்ச நேரம் உறும விட்டு அணைப்பதும்தான். அப்படிப்பட்ட மனிதர் ரெண்டு வருஷமாக ஒரு காரோடு மாரடித்தார். நினைத்தாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது.

கார் எங்களுடையது இல்லை, மாப்பிள்ளை ராஷித்துடையது. மரியாதைக்காக இங்கே அவர் என்று சொல்கிறேன். மனசுக்குள் நான் வேறு மாதிரிதான் சொல்லிக்கொண்டிருந்தேன். குவைத்தில் வேலை. எங்கள் மகள் ரைஹானாவைக் கட்டிய மறு வருஷம் லீவில் வந்தபோது அந்தக் கருப்புக் காரைப் பழையதாக வாங்கினார். பட்டாபிராமில் அவர்கள் வீடு இருக்கும் சந்தில் கார் நுழையாது. எங்கள் வாசலில் இடம் இருந்தது. "வண்டி இங்க நிக்கட்டும் மாமா, பாத்துக்கோங்க" என்று சாவியை எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்.

அப்போது ரைஹானா மாசமாக இருந்தாள். வழக்கப்படி பிரசவத்துக்கு நாங்கள் அழைத்து வந்தோம். மர்வா பிறந்தாள். நாற்பது நாள் கழிந்தது. நாற்பது கழிந்ததும் புருஷன் வீட்டிலிருந்து வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போக வேண்டும். யாரும் வரவில்லை. கேட்டால் சம்பந்தியம்மா போனில், "ராஷித் வரட்டும், அவன் வந்து கூட்டிகினு போவான்" என்றாள். ராஷித்தோ வருகிற வழியாக இல்லை. லீவு தரமாட்டேன் என்கிறார்கள், காண்ட்ராக்ட் மாறுகிறது, டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. இதற்குள் மர்வா தவழ்ந்தாள், நடந்தாள், பேசவும் ஆரம்பித்துவிட்டாள். அப்பனைப் போனில் மட்டுமே பார்த்த பிள்ளை அது. அதனால் அவரை "போன் அத்தா" என்று கூப்பிடும். முதல் தடவை கேட்டபோது நாங்கள் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

தெரு வாயை மூட முடியுமா? "இன்னா ஜுலைகா, பொண்ண இன்னும் கூட்டிகினு போவலையா?" என்று காய்கறி வண்டிக்கு முன்னால் நிற்கவைத்துக் கேட்பார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். இவர் மட்டும் வாசலில் நிற்கிற காரைக் காட்டி, "வண்டி இங்க கீது இல்ல? வருவாரு" என்பார். அவருக்கு அந்தக் கார்தான் பிணை. கார் நன்றாக இருந்தால் மாப்பிள்ளை வருவார், மாப்பிள்ளை வந்தால் மகள் வாழப் போவாள். இந்தக் கணக்கை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் விடிகாலைத் தொழுகை முடித்துவிட்டு வந்து, ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல் அந்தக் காரைக் கழுவுகிற ஆளைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

கழுவிய தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகப் பூக்கும். அதனால் ஆர்.ஓ. மிஷின் வைத்திருக்கிறோம். அது ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்குள் ரெண்டு மூன்று குடத்தை ஒரு குழாய் வழியாக வெளியே தள்ளும். சென்னையே தண்ணீர் இல்லாமல் தவித்த அந்தக் கோடையில் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு இவர் ஒரு சொட்டுத் தண்ணீரைக் கீழே விடமாட்டார். "தண்ணிய வீணாக்கினா மறுமையில கேள்வி உண்டு ஜுலைகா" என்று அந்தக் குழாய்க்கு அடியில் ஒரு நீல டிரம்மை வைத்தார். அந்த டிரம் தண்ணீரைத்தான் மாப்பிள்ளை காருக்கு ஊற்றினார். பாத்திரம் தேய்க்கிற சோப்பு, கிழிந்த லுங்கி, டிரம் தண்ணீர். கழுவிவிட்டு வெயிலில் காய விட்டுவிடுவார். எங்கள் தெருவில் பாதி வீட்டில் வண்டிக்கு இதே தண்ணீர்தான். சிக்கனம் என்று எல்லோருக்கும் பெருமை.

போன வருஷக் கடைசியில் ஒருநாள் ராஷித் கூப்பிட்டார். அடுத்த மாசம் வருவதாகச் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவர் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முடிப்பதற்குள் போனில் அடுத்த கேள்வி வந்தது.

"வண்டி எப்படி கீது மாமா?"

"தங்கமா வெச்சுகினு கீறேன் மாப்ளே" என்றார் இவர். போனை எடுத்துக்கொண்டு போய்த் தூரத்திலிருந்து காட்டினார். பொழுது சாய்ந்த நேரம், ஒன்றும் தெரியவில்லை. ரைஹானா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். போனை அவளிடம் கொடுப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. போனில் சிக்னல் போனதா, அந்தப் பக்கம் அமுக்கிவிட்டார்களா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை எதிர்வீட்டுக் கிருபாகரன் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸை விட்டு எங்கள் தெருவில் வீடு கட்டி வந்தவர். காரைப் பார்த்துவிட்டு, "இன்னா பாய், வண்டி அம்மை போட்ட மாரி கீது?" என்றார்.

இவர் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கூரை, பானெட், கதவு, எங்கும் வட்டம் வட்டமாக வெள்ளைப் புள்ளி. தினமும் பார்க்கிற நமக்குத்தான் தெரியவில்லை. இவர் நகத்தால் சுரண்டினார், போகவில்லை. தூசி என்று நினைத்து அன்றைக்கு ரெண்டு தடவை கழுவினார். அதே டிரம் தண்ணீரில்தான்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. போனில் கார் பாலிஷ் வீடியோவாகப் பார்த்தார். அதில் வருகிறவன் ஒரு பஞ்சால் தொட்டான், கார் கண்ணாடியாக மின்னியது. கீழே விளம்பரத்தில் ஒரு பெட்டி நிறைய பாட்டில்கள், பாதி விலைக்கு. இவர் விரலை அதன் மேல் வைத்துவிட்டார்.

"அத்தா, அதுல பாதி பாட்டில் எதுக்குன்னே நமக்குத் தெரியாது. வேணாம்" என்று ரைஹானாதான் தடுத்தாள்.

வாங்காமல் இருந்தாரா? குமணஞ்சாவடி சிக்னலில் பேர் இல்லாத டப்பாவில் ஒருவன் விற்ற கிரீமை வாங்கி வந்தார். தேய்த்தார். அன்றைக்கு ஒருநாள் கார் பளபளவென்று இருந்தது, புள்ளியைக் காணோம். மறுநாள் கழுவினதும் அத்தனை புள்ளியும் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. அடுத்து ஒரு ஸ்ப்ரே வாங்கினார். அது உள்ளே டேஷ்போர்டுக்கு அடிக்கிறதாம். இவர் பானெட் முழுக்க அடித்துவிட்டார். எண்ணெய்ப் பிசுக்கில் தெருப் புழுதி எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது. "மசாலா தடவின கோழி மாரி கீதே" என்று நான் சொன்னதற்கு, அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒருநாள் நான் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தேன். இறங்கி வந்தால் வாசலில் புளி வாசனை. என்னடா என்று பார்த்தால், மனிதர் கரைத்த புளியும் தேங்காய் நாருமாகக் காரின் பின்கதவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்! பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சாவில் உப்புப் பூத்தால் அவர் அப்படித்தான் தேய்ப்பார். அந்தப் புத்தி இங்கேயும் வந்துவிட்டது.

"ஜுலைகா, இங்க வந்து பாரு! புள்ளி போயிடுச்சு!" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கூப்பிட்டார்.

புள்ளி போய்த்தான் இருந்தது. வெயில் அந்தப் பக்கம் திரும்பியதும் பார்த்தோம், கதவு முழுக்கக் கோடு கோடாகக் கீறல். நான் தலையில் அடித்துக்கொண்டேன். "இது இன்னா தேக்சாவா? அடுத்தவன் பொருளுங்க! உங்களுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினேன். என் ஆத்திரம் காரின் மேல் இல்லை. ரெண்டு வருஷமாக என் மகள் அறைக்குள் சுருண்டு படுத்திருக்கிறாள். அவளை ஒரு வார்த்தை கேட்காத மனிதர் ஒரு இரும்பைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் என்று வயிறு எரிந்தது.

அவர் நாரைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். தேக்சா தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் எப்போதோ போய்விட்டது. அந்தத் தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பயமா கீது ஜுலைகா. ஒரு வண்டியக்கூட ஒழுங்கா பாத்துக்கல, இவங்க கூட இன்னா சம்பந்தம்னு, பொண்ண இங்கயே வுட்டுட்டுப் போய்ட்டா? அப்புறம் நான் இன்னா பண்ணுவேன்?"

 ஜன்னலுக்கு உள்ளேயிருந்து ரைஹானா கேட்டுக்கொண்டிருந்தாள் போல. வெளியே வந்தாள். மர்வா அவள் இடுப்பில்.

"அத்தா, அவர் வண்டிக்காக வர்றாரா, எனக்காக வர்றாரா? வண்டிக்காகன்னா எடுத்துகினு போவட்டும். நீங்க தோள் வலிக்கத் தேய்க்காதீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சோறு வேண்டாம் என்கிற மாதிரி சொன்னாள்.

மறுநாள் நானே கிளம்பினேன், இவரைத் தனியாக விட்டால் கடைக்காரன் கண்டதையும் தலையில் கட்டிவிடுவான் என்று. கரையான்சாவடி பக்கம் கார் சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கல்லாவில் ஸ்வாதி என்று ஒரு பெண். டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகத்தில், இன்னும் ரெண்டு பேர் வந்துட்டாங்களா என்கிற சலிப்பு. நான் தப்புச் சொல்லமாட்டேன், நாள் முழுக்க அந்தப் பெயின்ட் நாற்றத்தில் உட்கார்ந்தால் எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

இவர் போனில் எடுத்த படங்களைக் காட்டினார். அவள் கழுவாத கையால் தொடாமல் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணிக் கறை. இன்னா தண்ணில கழுவுறீங்க பாய்?"

"ஆர்.ஓ. தண்ணிம்மா" என்றார் இவர், கொஞ்சம் பெருமையாகவே.

"ஆர்.ஓ. தண்ணில வண்டி கழுவுறீங்களா? அவ்ளோ வசதியா?"

"அது இல்லம்மா, அதுலேர்ந்து வெளிய போற தண்ணி" என்றேன் நான்.

அவள் டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். "அக்கா, தண்ணில கீற உப்ப எல்லாம் பிரிச்சு வெளிய தள்ளத்தான மிஷினே? அந்தத் தண்ணி உங்க போர் தண்ணியவிட மோசம். அத்த ஊத்தி வெயில்ல காய வுட்டா, தண்ணி போயிடும், உப்பு அங்கயே நின்னுடும். தினமும் ஊத்துனீங்களா?"

இவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. தொழுதுவிட்டு வந்து, ஒரு நாள் தவறாமல், தன் கையாலேயே அந்தப் புள்ளிகளை ஊற்றி வளர்த்திருக்கிறார். "வீணாக்கக் கூடாதேன்னுதாம்மா" என்றார், யாரோ அடித்த மாதிரி.

"பாதிப் பேர் இதத்தான் பண்றாங்க பாய். வுடுங்க" என்று சொன்னாள் அந்தப் பெண். அப்போது அவள் குரலில் சலிப்பு இல்லை.

இவருக்குக் கண் மேல் அலமாரியில் இருந்தது. அங்கே ஒரு தங்க நிற டப்பா, வருஷக்கணக்கில் பளபளக்கும் என்று எழுதிய கோட்டிங். விலையைக் கேட்டால் ஒரு கல்யாணத்தில் அவருக்கு வருகிற கூலி முழுசும் போய்விடும். ஆனாலும் எடுக்கச் சொன்னார். ஸ்வாதி எடுக்கவில்லை. "கறை மேல அத்தப் போட்டா கறையத்தான் காப்பாத்தும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அது வேணாம். மொதல்ல தண்ணிய மாத்துங்க, அதுக்குக் காசு கெடையாது. ஏசி ஓடும்போது சொட்டுதுல்ல, அந்தத் தண்ணில உப்பு இல்ல, கடைசியா அலச அது போதும்" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கார் ஷாம்பு, சின்ன பாட்டில். பாத்திர சோப்பு கூடவே கூடாதாம், அது இருக்கிற மெழுகையும் தின்றுவிடுமாம். கெட்டியான மைக்ரோஃபைபர் துணி ரெண்டு. "பாட்டில்ல மிச்சம் புடிச்சாலும் துணில மிச்சம் புடிக்காதீங்க. அந்த லுங்கியத் தூக்கிப் போடுங்க" என்றாள். தண்ணீர்க் கறை எடுக்கிற திரவம் ஒன்று, கையுறையோடு. மெழுகு டப்பா கடைசி, கறை போன பிறகு போடுகிறது. அதற்கு அன்றைக்குக் காசு இல்லை. "அவசரம் இல்ல, அப்புறம் வாங்குங்க" என்று அவளே திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள். காட்டின பொருளைத் திரும்ப வைக்கிற கடைக்காரியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. பள்ளிவாசல் ஏசி தண்ணீர் பின்பக்கச் சுவரோரம் சொட்டிக்கொண்டிருக்கும். இவர் மோதினாரிடம் கேட்டு அங்கே ஒரு கேனை வைத்தார். பாங்கு சொல்கிற அந்த மனிதர் கூட, "பண்டாரி, இந்தத் தண்ணிக்கும் ஆள் வந்தாச்சா" என்று சிரித்தாராம். கேன் நிறைந்ததும் மொபெட்டில் கொண்டுவருவார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உழைப்பு. வெயில் ஏறுவதற்கு முன்னால், நிழலில், ஒரு நாளைக்கு ஒரு பக்கம். ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். துணியில் திரவத்தைத் தொட்டு ஒற்ற வேண்டும், காயும் முன்னே துடைக்க வேண்டும், ஏசி தண்ணீரில் அலச வேண்டும், உடனே ஒற்றி எடுக்க வேண்டும். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தோள் வலித்தால் இடது கைக்கு மாற்றுவார். அது வலித்தால் சும்மா நிற்பார். இடையில் திருநின்றவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ஆக்கிவிட்டு, அந்தக் கூலியில் மெழுகு டப்பாவை வாங்கி வந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட கை தூக்க முடியவில்லை. ரைஹானாதான் ஊட்டிவிட்டாள்.

பானெட் தெளிந்தது. முகம் பார்க்கலாம் போல ஆகிவிட்டது. கதவுகளும் வந்துவிட்டன, புளிக் கீறல் மட்டும் லேசாக நின்றது. கூரைதான் வரவில்லை. ரெண்டு கோடை வெயிலில் வெந்து, உப்பு பெயின்டுக்குள்ளேயே இறங்கிவிட்டதாம். படம் அனுப்பிக் கேட்டதற்கு, அது மிஷின் வைத்துத் தேய்க்கிற வேலை, பழக்கம் இல்லாதவர்கள் தொட்டால் பெயின்டே போய்விடும், செலவும் தாங்காது, விட்டுவிடுங்கள் என்று ஸ்வாதி சொல்லிவிட்டாள்.

"மேல ஒரு உறை வாங்கிப் போட்டு மூடிடலாங்க. அவரு எடுத்துகினு போற வரைக்கும் யாரு பாக்கப் போறாங்க?" என்றேன் நான்.

"மறைச்சு வெச்சு ஒருத்தர ஊட்டுக்குள்ள கூப்புட முடியுமா ஜுலைகா? வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

ராஷித் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த நேரம். இவர் காலையிலேயே சின்ன தேக்சாவில் பிரியாணி ஏற்றிவிட்டார். ரைஹானா கல்யாணப் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு, பிறகு அவிழ்த்துவிட்டு, சாதாரணப் புடவையைக் கட்டிக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாடகை வண்டி வந்து நின்றது. பெட்டிகள் இறங்கின. மெலிந்து, கருத்து, கண்ணெல்லாம் உள்ளே போய் வந்திருந்தார் மாப்பிள்ளை. இவரோடு சலாம் சொல்லித் தழுவினார். அப்படியே திரும்பிக் காரைப் பார்த்தார்.

பானெட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சுற்றி வந்தார். நல்ல உயரம் அவர், கூரை கண்ணுக்கு நேராக வந்தது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னா மாமா இது?"

இவர் பக்கத்தில் போய் நின்றார். ஒரு மாசமாக மன்னிப்புக் கேட்கத் தயார் செய்து வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். தொழுகைப் பாயில் உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிப் பார்ப்பதைக் கேட்டிருக்கிறேன். "உப்புத் தண்ணி மாப்ளே. தெரியாம ஊத்திட்டேன்" என்று ஆரம்பித்தார்.

ராஷித் பின்கதவுக் கீறலையும் பார்த்துவிட்டார். "உங்கள நம்பி ஒரே ஒரு பொருள்தான மாமா வுட்டுட்டுப் போனேன்? அதக்கூட..." என்று சொல்லி, காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். வாசற்படியில் என் மகள் நிற்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை நிற்கிறது. இந்த ஆள் இன்னும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசினார். கத்தவில்லை. அடுப்பிலிருந்து தேக்சாவை இறக்கி வைத்துவிட்டுப் பேசுகிற குரல்.

"ஒண்ணு இல்ல மாப்ளே. அப்பவே ரெண்ட வுட்டுட்டுப் போனீங்க. வாசல்ல ஒண்ணு, உள்ள ஒண்ணு. உள்ள கீறது இப்ப ரெண்டா ஆயிடுச்சு. ஒவ்வொரு தபா போன்ல வண்டி எப்படி கீதுன்னு கேட்டீங்க. அதுங்க எப்படி கீதுன்னு ஒரு தபா என்கிட்ட கேக்கல. வண்டிய நான் கெடுத்துட்டேன், என் முட்டாள்தனம்தான். அதுக்கு இன்னா சொன்னாலும் கேட்டுக்கறேன். ஆனா அதுங்களையும் ஒரு தபா பாத்துட்டுச் சொல்லுங்க."

ராஷித் கையைக் காரிலிருந்து எடுத்தார். திரும்பினார். மர்வா அவரையே பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு தாயின் புடவையை இழுத்து, "அம்மா, போன் அத்தா" என்றாள். அவர் ஒரு அடி முன்னால் வைத்ததும், வீலென்று கத்திக்கொண்டு ஓடிவந்து இவருடைய காலைக் கட்டிக்கொண்டாள். போனில் முத்தம் கொடுக்கிற பிள்ளைதான். ஆள் முழுசாக வந்து நின்றால் பயம்.

ராஷித் அங்கேயே, புழுதியில், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை ரெண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். ரைஹானா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டுத்தான் சொன்னார். கம்பெனி மாதக்கணக்கில் சம்பளம் தரவில்லையாம், பாஸ்போர்ட்டையும் பிடித்து வைத்துக்கொண்டார்களாம், அது திரும்பக் கைக்கு வந்த பிறகுதான் கிளம்ப முடிந்ததாம். அந்தக் காரைத் தவிர இந்த ஊரில் அவருக்கென்று ஒன்றும் மிச்சம் இல்லையாம். "வெறுங்கையோட வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு மாமி. இவகிட்ட பேசுனா அழுதுடுவேன்னு, புள்ள மூஞ்சிய மட்டும் பாத்துட்டு, வண்டியப் பத்திக் கேட்டுட்டு வெச்சுடுவேன்" என்றார்.

"காசு யாருய்யா கேட்டாங்க உங்களாண்ட? இவ கேட்டாளா, நான் கேட்டனா?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கும் அழுகை வந்துவிட்டது, அதனால் சண்டை சரியாக வரவில்லை. பிரியாணி ஆறிப்போயிருந்தது. எல்லோரும் உட்கார்ந்து அதையே தின்றோம்.

மர்வா அவரிடம் ஒட்டுவதற்கு ஒரு வாரம் போல ஆனது. அதற்குள் சம்பந்தியம்மாளும் வந்து முறையாக அழைத்தாள். ராஷித் இனி குவைத் போகவில்லை, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை தேடுகிறார். அது வரைக்கும் காரை வாடகைக்கு ஓட்டப் போகிறாராம். பட்டாபிராமில் மெயின்ரோட்டில் நிறுத்த இடம் பார்த்திருக்கிறார்.

கிளம்புகிற அன்றைக்கு இவர் ஷாம்பு, துணி, மெழுகு டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்தார். ஏசி தண்ணீர்க் கேனையும் வைத்தார். "அந்த ஆர்.ஓ. தண்ணிய மட்டும் ஊத்திடாதீங்க மாப்ளே" என்றார். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. ரைஹானா முன்சீட்டில் உட்கார்ந்தாள். மர்வா ஜன்னல் வழியாகத் தாத்தாவைப் பார்த்துக் கையை ஆட்டி, "நன்னா, போன்ல வா" என்று சத்தம் போட்டாள். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அந்தக் கூரையின் வெள்ளைப் புள்ளிகள் வெயிலில் தெரிந்தன.

மறுநாள் விடிகாலை இவர் தொழுதுவிட்டு வந்தார். பழக்கத்தில் கையில் மக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கார் நின்ற இடம் மட்டும் சதுரமாக, புழுதியில்லாமல் இருந்தது. நீல டிரம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

"ஜுலைகா, இந்தத் தண்ணிய இப்ப எதுக்கு ஊத்துறது?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. "வாசல்ல ஊத்துங்க" என்றேன். அவர் மக்கு மக்காக மொண்டு அந்தச் சதுரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். டீ போடலாம் என்று உள்ளே போனேன். நாலு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் ரெண்டைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.